ஜூன் மாதத்துப் புல்

லுவாங்வா ஆற்றங்கரை வேட்டை முகாம்,
1997 ஏப்ரல் 6

அன்புள்ள கசூபாவுக்கு,

நான் சௌக்கியம். நீயும் பூப்பேயும் சௌக்கியம் என்று லாரிக்காரர் சொன்னார். பூப்பேக்கு முன்பல் விழுந்துவிட்டதாமே. மழை விட்ட பிறகு ஊருக்குத் திரும்பும் முதல் லாரி இது. சாலையில் பாதியை ஆறு கொண்டுபோய்விட்டது, மீதியை நாங்கள் மண்வெட்டியோடு தேடிக்கொண்டிருக்கிறோம்.

முக்கியமான சங்கதி ஒன்று. டென்னர் முதலாளி நேற்று என்னைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை. அமெரிக்காவிலிருந்து ஒரு விருந்தாளி வருகிறாராம். அகலக் கொம்புள்ள கிழட்டுக் காட்டெருமை ஒன்றை அவர் சுட வேண்டும். ஜூனில் வரச் சொல்லலாமா, செப்டம்பரில் வரச் சொல்லலாமா என்று என்னைக் கேட்டார். "முபாங்கா, தடம் பாக்குறவன் நீ. நீ சொல்ற மாசத்தைத்தான் அவருக்கு எழுதுவேன்" என்றார். வேட்டை நல்லபடியாக முடிந்தால், ஆகஸ்டில் நடக்கும் உரிமப் பரீட்சைக்கு என் பெயரை அனுப்புவாராம். துப்பாக்கி எடுத்து விருந்தாளியை நானே நடத்திப்போகும் உரிமம் அது. நம் பக்கத்து ஆள் ஒருவனுக்கும் இதுவரை கிடைத்ததில்லை.

விருந்தாளிக்கு வெயில் ஆகாது, ஜூன் மாதக் குளிர்தான் பிடிக்குமாம். எனக்கு இரண்டு மனமாக இருக்கிறது. கேட்காமலே யோசனை சொல்கிறவள் நீ. இந்தத் தடவை நானே கேட்கிறேன்.

உன்,
முபாங்கா

*

கலாசா கிராமம்,
ஏப்ரல் 14

என் அன்புக்குரிய பூப்பே அப்பாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் மகள் பல் விழுந்த வாயால் உங்கள் பெயரைச் சொன்னால் வெறும் காற்றுதான் வருகிறது. கூரை மூன்று இடத்தில் ஒழுகி, வீட்டில் இருக்கிற சட்டி பானையெல்லாம் தரையில் உட்கார்ந்திருக்கின்றன. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்ததைப் படித்துச் சிரித்தேன். இறங்கிவிட்டீர்களா, இன்னும் அதிலேயேதான் இருக்கிறீர்களா?

கேட்டீர்கள், சொல்கிறேன். செப்டம்பர்தான். இந்த வருடம் மழை போக மனமில்லாமல் இழுத்தது. புல் இப்போதே உங்கள் தலைக்கு மேல் நிற்கும். ஜூனில் அது காயாது. ஜூலை முடிகிற சமயத்தில்தான் தீ வைத்தால் பிடிக்கும். கூரைப்புல் அறுக்கப் போகிற எங்களுக்கு இது தெரியும். உள்ளே நுழைந்துவிட்டால் பக்கத்தில் நிற்கிறவள் இருமினால்தான் அவள் அங்கே இருப்பதே தெரிகிறது. புல் எரிந்துவிட்டால் நிலம் துடைத்துப் போட்ட மாதிரி கிடக்கும், எருமைகளும் தண்ணீருக்கு ஆற்றை நோக்கி இறங்கிவிடும். இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதா?

விருந்தாளிக்கு வெயில் சுட்டால் தொப்பி போட்டுக்கொள்ளட்டும்.

பக்கத்து வீட்டு யாண்டேக்கு ஆண் குழந்தை. அவள் புருஷன் சிசெங்கா தரையில் கால் படாமல் நடக்கிறான். இந்தப் பருவத்திலும் அவன்தான் உங்களுக்கு முன்னால் நடந்து தடம் பார்ப்பான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

உங்கள்,
கசூபா

*

வேட்டை முகாம்,
மே 3

அன்புள்ள கசூபாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கோபப்படாதே. ஜூன் என்று சொல்லிவிட்டேன்.

காரணம் இருக்கிறது. மழைக்குப் பிறகு எருமை கொழுத்திருக்கும், அதன் தோல் பளபளப்பாக இருக்கும். குளிரில் விருந்தாளி நாள் முழுக்க நடப்பார். செப்டம்பர் வெயிலில் நடு வழியிலேயே உட்கார்ந்துவிடுவார். இதையெல்லாம் முதலாளியிடம் சொன்னேன், அவரும் தலையாட்டினார். உன்னிடம் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். பரீட்சை ஆகஸ்டில். செப்டம்பரில் வேட்டை நடந்தால் என் பெயர் அடுத்த வருடத்துக்குப் போய்விடும். அடுத்த வருடம் அந்த நாற்காலியில் யார் உட்காருவானோ, யார் கண்டது?

சிசெங்காவை மே கடைசியில் லாரியில் அனுப்பிவை. விருந்தாளி வந்து இறங்கிய நாளிலிருந்து வீட்டில் வேட்டைக்கால விதி தொடங்குகிறது. சண்டை போடாதே. நம் அடுப்புத் தீயை வேறு வீட்டுக்குக் கொடுக்காதே. ஊர் எல்லையைத் தாண்டாதே. பிற ஆணோடு தனியாக நிற்கவும் வேண்டாம். வேட்டைக்காரன் மனைவி தவறினால் மிருகம் அவனைத் தேடி வரும். தடம் பார்க்கிறவர்களின் தலைவன் வீட்டில், அதாவது நம் வீட்டில், தவறு நடந்தால் கூட்டத்தில் யாரையும் அது விடாது. யாண்டேயிடமும் சொல்லிவை.

உன்,
முபாங்கா

*

கலாசா,
ஜூன் 2

பூப்பே அப்பாவுக்கு,

தீர்மானம் பண்ணிவிட்டு யோசனை கேட்கும் வழக்கத்தை எங்கே கற்றீர்கள்? போகட்டும், இனிச் சொல்லி என்ன பயன்?

சிசெங்கா வந்து சேர்ந்திருப்பான். கிளம்பும்போது குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நம் வாசலுக்கு வந்தான். புல் நிற்கிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, உங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் புல்லுக்குள்ள கண்ணை வச்சு என்ன பண்றது? காதுதான் வேணும். சரி, என் காதைக் கொண்டு போறேன்" என்றான். யாண்டே உள்ளேயிருந்து, "அந்தக் காதுல நான் சொல்றது மட்டும் ஏறாது" என்றாள். எல்லோரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

இன்னொன்று. நேற்று பூப்பேக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. கண் செருகிவிட்டது. விருந்தாளி வந்துவிட்டார், விதி தொடங்கிவிட்டது என்று பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பள்ளிக்கூடத்து லொம்பே ஆசிரியரின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். மலேரியா. மாத்திரை கொடுத்தார்கள், இன்று எழுந்து களி கேட்டாள். மறைக்க ஒன்றுமில்லாததால் எழுதுகிறேன்.

புல்லுக்குள் மட்டும் போகாதீர்கள். எருமை வெளியே வரும்வரை விருந்தாளியைக் காக்கவையுங்கள்.

உங்கள்,
கசூபா

*

முகாம்,
ஜூன் 4

கசூபா,

லாரி திரும்புகிறது, அவசரமாக எழுதுகிறேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாயே, நல்ல காரியம் செய்தாய். அந்த நேரத்தில் விதியாவது ஒன்றாவது. லொம்பே ஆசிரியருக்கு என் வணக்கம் சொல். அவர் அந்த முழங்கால் வலியோடு மேட்டில் உன்னையும் பிள்ளையையும் வைத்து மிதித்தாரே, அதுதான் அதிசயம்.

விருந்தாளி நல்ல மனிதர், ஆனால் பொறுமை கிடையாது. நாளை மறுநாள் கிளம்புகிறோம்.

முபாங்கா

*

முகாம்,
ஜூன் 7

கசூபா,

சிசெங்கா போய்விட்டான்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நேற்றுக் காலை ஓடைக்கரையில் ஒற்றை எருமையின் தடம் கிடைத்தது. கிழடு, அகலக் கொம்பு, கேட்ட மாதிரியே. விருந்தாளி சுட்டார். குண்டு பின்னால் தள்ளி, வயிற்றில் பட்டுவிட்டது. எருமை புல்லுக்குள் நுழைந்தது. வெகுநேரம் காத்திருந்தோம். சத்தமே இல்லை. முதலாளி என்னைப் பார்த்தார், விருந்தாளி கடிகாரத்தைப் பார்த்தார். நான் சிசெங்காவிடம், போய்ப் பார் என்றேன். பத்தடி போயிருப்பான், புல் அவனை மூடிவிட்டது. பிறகு எருமையின் மூச்சு கேட்டது, அவன் குரல் கேட்டது. என் கையில் ஈட்டியை வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவதென்று எனக்குத் தெரியவில்லை. முதலாளி எருமையைச் சுட்டு வீழ்த்தினார், ஆனால் அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

உடலை லாரியில் அனுப்புகிறோம், இந்தக் கடிதமும் அதோடு வருகிறது. யாண்டேயிடம் முதலில் நீ போ. வேறு யாரும் சொல்வதற்கு முன் நீ சொல். என்னால் வர முடியாது. விருந்தாளி இன்னும் ஒரு வாரம் இருக்கிறார், என்னை விடமாட்டேன் என்கிறார்கள்.

முபாங்கா

*

கலாசா,
ஜூன் 10

பூப்பே அப்பாவுக்கு,

சொன்னேன். அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடித்த பிறகும் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அடக்கம் முடிந்துவிட்டது.

இப்போது நான் எழுதுவதைக் கவனமாகப் படியுங்கள். சிசெங்காவின் அண்ணன் கபெம்ப்வா, துக்க வீட்டில் எல்லோர் முன்னாலும் யாண்டேயின் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"யார்கூட இருந்தே, எவன் பேரு? சொல்லிட்டா விட்டுடுறோம்."

"எனக்குத் தெரிஞ்ச ஒரே ஆம்பளை பேரை நேத்துத்தான் மண்ணுக்குள்ள வச்சீங்க."

"அவன் காட்டைக் கரைச்சுக் குடிச்சவன். எருமை அவனைத் தேடி வந்துச்சுன்னா வீட்டுல ஏதோ நடந்திருக்கு. சும்மா வராது."

பால்குடிப் பிள்ளையை வைத்துக்கொண்டு அவள் எங்கே போயிருப்பாள், யாரைப் பார்த்திருப்பாள் என்று நான் கேட்டதற்கு, "உன் வேலையைப் பாரு" என்றான். அவள் தானியக் குதிருக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை ஊர்த்தலைவர் கூட்டம் வைக்கிறார். புருஷனைக் கொன்றவள் என்று அங்கே தீர்த்துவிட்டால் ஊரைவிட்டுத் துரத்துவார்கள். அந்தப் பெயரோடு வருகிறவளை வேறு ஊரும் சேர்க்காது. அவளுக்குத் தாய்மாமனும் இல்லை.

நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். நிறையப் பேச வேண்டாம். "புல் எரியறதுக்கு முன்னாடி நான்தான் வேட்டையைக் கூப்பிட்டேன், புல்லுக்குள்ள நான்தான் அனுப்பினேன்" என்று சொன்னால் போதும். தடம் பார்க்கிறவர்களின் தலைவன் சொன்னால் கபெம்ப்வாவுக்கும் வாய் அடைத்துவிடும். வர முடியாவிட்டால் தலைவருக்கு இதையே எழுதி அனுப்புங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள்,
கசூபா

*

முகாம்,
ஜூன் 12

கசூபா,

நீ கேட்பது சின்னக் காரியம் போல இருக்கிறது, ஆனால் அப்படி இல்லை. முதலாளி மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில் விபத்து என்றிருக்கிறது. பருவம் தப்பு என்று நானே கூட்டத்தில் சொன்னால் அது அவர் காதுக்கு வராமல் இருக்குமா? மாதத்தைத் தப்பாகச் சொன்னவனுக்கு உரிமம் எதற்கு என்பார். எத்தனை வருடமாக மற்றவன் துப்பாக்கியைச் சுமந்து நடந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியாதா?

போன வருடம் ஜூனிலும் புல் உயரமாகத்தான் இருந்தது. அதற்கு முந்தைய வருடமும்தான். யாரும் சாகவில்லையே. பெரியவர்கள் இதையெல்லாம் சும்மாவா சொல்லிவைத்தார்கள்? யாண்டே நல்லவள்தான். இருந்தாலும் பூட்டின கதவுக்குள்ளே நடப்பது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நீ இதில் தலையிடாதே. ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது. ஆறு மாதத்தில் எல்லாம் அடங்கிவிடும்.

முபாங்கா

*

கலாசா,
ஜூன் 16

பூப்பே அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. என் கணவர் எழுதியதா என்று கையெழுத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

நேற்று கூட்டம் நடந்தது. யாண்டேயை நடுவில் உட்காரவைத்தார்கள். கபெம்ப்வா பேசினான், அவன் சித்தப்பா பேசினார், பிறகு ஏதோ தெரிந்தவர்கள் மாதிரி இன்னும் நாலு பேர் பேசினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். தலைவர் தீர்ப்புச் சொல்ல எழுந்தார். அதற்கு முன் நான் எழுந்துவிட்டேன்.

"வேட்டைக் கூட்டத்துக்குத் தலைவன் என் வீட்டுக்காரர். விதி முதல்ல என் வீட்டுக்குத்தான். விருந்தாளி வந்த பிறகு ஊர் எல்லையைத் தாண்டினது நான். லொம்பே ஆசிரியர் சைக்கிள்ல பின்னாடி உட்கார்ந்து ஆத்தைத் தாண்டினேன். எருமை யாரையாவது தேடி வந்திருந்தா, அது என் வீட்டு வாசல்லேர்ந்து வந்திருக்கணும். யாண்டே வாசற்படிகூடத் தாண்டல" என்றேன்.

எதற்குப் போனேன் என்று சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. ஆசிரியரிடம் முந்தின நாளே சொல்லி அனுமதி வாங்கியிருந்தேன். அந்த மனிதர், "இந்த முழங்காலுக்கு இப்படி ஒரு பேர் கிடைக்கும்னு நான் கனவுலயும் நினைக்கலம்மா, தாராளமாச் சொல்லு" என்றார். சிரிக்கவைத்துவிட்டு, நான் வாசல் தாண்டியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

யாண்டேயின் தானியக் குதிரின் பூட்டைத் திறந்துவிட்டார்கள். இப்போது என் அடுப்பிலிருந்து யாரும் தீ எடுப்பதில்லை. நான் தண்ணீருக்குப் போனால் பெண்கள் குடத்தை நகர்த்தி வைக்கிறார்கள். பூப்பேயோடு விளையாடப் பிள்ளைகளை விடுவதில்லை.

அந்தச் சைக்கிளில் எதற்குப் போனேன் என்று உங்களுக்குத் தெரியும். நல்ல காரியம் செய்தாய் என்று எழுதியவர் நீங்கள். யாண்டேக்காகப் பேசத் துணிவில்லை என்றால் போகட்டும், அவள் அடுத்த வீட்டுக்காரி. எனக்காகப் பேசுவீர்கள் என்றுதான் எழுந்து நின்றேன். வந்து சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன்.

உங்கள்,
கசூபா

*

முகாம்,
ஜூன் 21

அன்புள்ள கசூபாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முதலில் கோபம்தான் வந்தது. பிறகு ஆற்றங்கரையில் போய்த் தனியாக உட்கார்ந்து யோசித்தேன். யோசிக்க யோசிக்க நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. இத்தனை நாளாகத் தூங்கவில்லை, கசூபா. கண்ணை மூடினால் சிசெங்கா புல்லுக்குள் போகிறான். புல்தான் காரணம், நான்தான் காரணம் என்று மனம் குத்திக்கொண்டே இருந்தது. இப்போது காரணம் தெரிந்துவிட்டது. நேற்றுத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

நீ பிள்ளைக்காகத்தான் போனாய், அது எனக்குத் தெரியும். ஆனால் விதி என்ன காரணத்தைக் கேட்டுக்கொண்டா இருக்கிறது? நல்ல காரியம் என்று அன்று எழுதினேனே, அதுவும் என் அவசரம். எருமைக்கு அதெல்லாம் தெரியாது. நீ கூட்டத்தில் தைரியமாக ஒப்புக்கொண்டாய். அந்தக் குணத்துக்காகவே உன்னை நான் மன்னித்துவிட்டேன். என் மனதில் ஒரு துளி கசப்பும் இல்லை. நாட்டு மருத்துவரைக் கூப்பிட்டுச் சுத்திச் சடங்கு செய்துகொள். வெள்ளைக் கோழி ஒன்று லாரிக்காரரிடம் கொடுத்திருக்கிறேன்.

நல்ல செய்தியும் இருக்கிறது. என் பெயர் பரீட்சைக்குப் போய்விட்டது. ஊருக்குத் திரும்பிய விருந்தாளி தன் சிநேகிதர்களிடம் சொல்லி, இன்னும் இருவர் ஜூலை முதல் வாரத்தில் வருகிறார்கள். குளிர்காலம்தான் சரியான பருவம் என்று முதலாளியிடம் மறுபடியும் உறுதியாகச் சொல்லியிருக்கிறேன். சிசெங்கா இடத்துக்கு ஆள் வேண்டும். சுன்குட்டுவையும் அவன் தம்பியையும் அடுத்த லாரியில் ஏற்றிவிடச் சொல். அவர்கள் மனைவிகளிடம் விதியை நீயே எடுத்துச் சொல். பட்டவள் சொன்னால் கேட்பார்கள்.

என்றும் உன்,
முபாங்கா

*

கலாசா,
ஜூன் 29

முபாங்கா அவர்களுக்கு,

கோழி வந்தது. யாண்டே வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன், பிள்ளை பெற்றவள் சாப்பிடட்டும்.

என்னை மன்னித்ததற்கு நன்றி சொல்ல மாட்டேன். நான் தவறு செய்யவில்லை என்று இந்த உலகத்தில் எழுத்து மூலமாகத் தெரிந்துகொண்ட ஒரே மனிதர் நீங்கள். நீங்கள் பொய் சொல்லியிருந்தால்கூட ஒருநாள் பொறுத்துப்போயிருப்பேன். நீங்கள் அதை நம்பிவிட்டீர்கள். நம்பி, வயிறாரச் சாப்பிட்டும் இருக்கிறீர்கள். அப்படி நம்புகிற மனிதரோடு எனக்கு வாழத் தெரியவில்லை. நாளை காலையில் பூப்பேயைக் கூட்டிக்கொண்டு என் தாய்மாமன் ஊருக்குப் போகிறேன். யாண்டேயும் குழந்தையோடு என்னுடன் வருகிறாள். மாமா சம்மதித்துவிட்டார். திரும்ப அழைக்க வராதீர்கள். பிள்ளையைப் பார்க்க வரலாம், அவளுக்கு நீங்கள் வேண்டும்.

நீங்கள் சொன்ன வேலையைச் செய்தேன். சுன்குட்டு மனைவியிடமும், அவன் தம்பி மனைவியிடமும் பேசினேன். என் அடுப்பில் தீ எடுக்காதவர்கள் என்னோடு உட்கார்ந்து பேசுவார்களா என்று பயந்தேன், பேசினார்கள். நான் விதியைச் சொல்லவில்லை. இரண்டு பேரையும் கூரைப்புல் அறுக்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒருத்தியைப் புல்லுக்குள் போய் நிற்கச் சொன்னேன். மற்றவளிடம், "அவ எங்க நிக்கிறா, சொல்லு பாப்போம்" என்றேன். அவளால் சொல்ல முடியவில்லை. இரண்டு கையாலும் புல்லை விலக்கிக்கொண்டு, "அக்கா, அவளைக் கூப்பிடுங்க, எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

மறுநாள் தடம் பார்க்கிற மற்றவர்களின் மனைவிகளும் வந்தார்கள். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. சுன்குட்டு கொஞ்சம் கத்தினான். "நீ போயிட்டு வா. நான் இன்னிக்கே ஊர் எல்லையைத் தாண்டுறேன், அடுப்புத் தீயை அள்ளி நாலு வீட்டுக்குக் கொடுக்குறேன். அப்புறம் உன் பாடு, எருமை பாடு" என்றாள் அவன் மனைவி. அவன் கட்டிய மூட்டையை அவிழ்த்து உள்ளே வைத்துவிட்டான். அவ்வளவு பயம் உங்களுக்கெல்லாம்.

அதனால் லாரியில் ஆட்கள் வரவில்லை, இந்தக் கடிதம் மட்டும்தான் வருகிறது. ஜூலை விருந்தாளிகளுக்கு என்ன எழுதுவது என்று முதலாளி உங்களைக் கேட்பார். மாதத்தை இனி நீங்கள் சொல்ல வேண்டாம். புல் எரிந்ததும் பெண்கள் சொல்லி அனுப்புவார்கள்.

கசூபா